எங்கடின் ஏரிகளில் மலை சைக்கிள்: கைடு எதற்கு?

பெடல்பாண்டி, 2024 மார்ச் 3

ஜூலையில் நண்பர்களோடு சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். செயின்ட் மோரிட்ஸ், பெர்னினா கணவாய், எல்லை தாண்டி இத்தாலியின் லிவின்யோ, திரும்ப வால் மோரா பள்ளத்தாக்கு வழியாக சுவிட்சர்லாந்து (அங்கே 'வால்' என்றாலே பள்ளத்தாக்கு). கைடு, தங்குமிடம், பெட்டி கொண்டுபோகும் வேன் எல்லாம் சேர்த்து ஒரு நிறுவனம் கேட்கும் தொகைக்கு இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம். வழியெல்லாம் பலகை இருக்கிறது, கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. கைடு என்பது வழி தெரியாதவர்களுக்கான தண்டச் செலவு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

ஒற்றையடி, 2024 மார்ச் 3, இரவு

வழி காட்டக் கைடு வேண்டாம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நடப்பவர்களுக்கு மஞ்சள் பலகை, சைக்கிளுக்குச் செம்பழுப்புப் பலகை. சுவிஸ்காரர்கள் மாட்டுக்குக்கூடப் பலகை வைத்திருப்பார்கள். சென்ற கோடையில் நீங்கள் சொல்லும் இதே சுற்றைக் கைடோடு முடித்தேன். அவர் முன்னால் போய் வழி காட்டியதாக நினைவே இல்லை. பெரும்பாலும் கடைசி ஆளாகத்தான் வந்தார்.

அவர் சொன்னதெல்லாம் நேரம்தான். காலை எட்டு மணிக்கே செயின்ட் மோரிட்ஸிலிருந்து மலோயா பக்கம் எங்களைக் கிளப்பிவிட்டார். சில்வாப்ளானா ஏரி, சில்ஸ் ஏரி இரண்டும் அப்போது அசையாமல் கிடந்தன. எதற்கு இந்த அவசரம் என்று முணுமுணுத்தபடியே மிதித்தோம். மற்ற பள்ளத்தாக்குகளில் பகல் காற்று கீழிருந்து மேலே ஏறும். இங்கே அது தலைகீழ். இத்தாலிப் பக்கத்துப் பிரெகாலியா பள்ளத்தாக்கில் சூடேறிய காற்று மலோயா கணவாயை (1,815 மீட்டர்) தாண்டி வந்து, எங்கடினுக்குள் மேலிருந்து கீழாக இறங்குகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மதியம் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. சில்வாப்ளானா ஏரியில் பட்டம் கட்டிச் சறுக்குபவர்கள் உலகெங்கிலுமிருந்து வருவது இந்தக் காற்றுக்காகத்தான். காலையில் போய் மதியம் திரும்பினால் முதுகில் காற்று. நீங்கள் பதினொரு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற ஆள் என்றால் முகத்தில் காற்று. ஜிபிஎஸ் இதைச் சொல்லாது.

ஒற்றையடி, 2024 மார்ச் 4

இதுவும் ஒரு முறை படித்தால் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திதானே, இதற்குக் கைடா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது, இலவசமாக.

ஆகவே இன்னொன்று. பிஸ் நயர் மலைக்கு ரோப் காரில் சைக்கிளோடு ஏறிவிடலாம், மேலே 3,000 மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கிருந்து இறங்கி, சுவ்ரெட்டா கணவாய் (2,615 மீட்டர்) வழியாக சுவ்ரெட்டா ஏரியைத் தொட்டு வால் பெவர் பக்கம் போகும் பாதைக்காகவே எங்கள் குழுவில் பாதிப்பேர் பணம் கட்டியிருந்தார்கள். அன்று காலை கைடு வானிலை ரேடார் படத்தைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், "இன்று மேலே போகவில்லை" என்றார். ஏரிக்கரையில் காட்டுப்பாதைகளைச் சுற்றிக் காட்டினார். ஸ்டாஸ் ஏரியில் இறங்கிக் காலை நனைத்தோம்.

இடி வந்து அவர் சொன்னது பலித்தது என்று எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். வரவில்லை. மாலை வரை சுள்ளென்று வெயில்.

பெடல்பாண்டி, 2024 மார்ச் 4

அப்படியானால் என் கட்சி வென்றது.

ஒற்றையடி, 2024 மார்ச் 5

பொறுங்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் அவரைத் திட்டினோம். ஜெர்மனியிலிருந்து வந்த தம்பதி, லூசர்னில் வேலை பார்க்கும் ஒரு பல் மருத்துவர், நான், என் அலுவலக நண்பர் இருவர். ஒருவருக்கொருவர் முகம் சுளிக்கவில்லை. கோபம் முழுவதும் அந்த ஒரே ஆள் மீது. அவரும் சலனமே இல்லாமல் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கைடு இல்லாமல் நண்பர்கள் மட்டும் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவன் போகலாம் என்பான், ஒருவன் மேகத்தைக் காட்டுவான், மூன்றாமவன் கைபேசியில் வேறொரு வானிலைக் கணிப்பைத் தேடுவான். பத்து மணி ஆகிவிடும். முன்பு ஒருமுறை கொடைக்கானலிலிருந்து மூணாறு பக்கம் போவதாகக் கிளம்பிய எங்கள் குழு இப்படித்தான் உடைந்தது. அதில் இருவர் இன்றும் ஒரே கல்யாணத்தில் வெவ்வேறு பந்தியில் சாப்பிடுகிறார்கள். "இல்லை" என்று சொல்வதற்கும், அதற்காகத் திட்டு வாங்குவதற்கும் வெளியாள் ஒருவர் இருப்பது எனக்குச் செலவாகவே படவில்லை. நீங்கள் போவது நண்பர்களோடு என்பதால் சொல்கிறேன்.

2,600 மீட்டரில் மரமே இல்லாத வழுக்கைக் கணவாயில் மின்னல் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. மழை வராமல் போன நாளை வைத்து முடிவு தப்பு என்று சொல்வதும் சரியில்லை. இதை அன்று இரவு நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபிறகு தோன்றியது.

ஒற்றையடி, 2024 மார்ச் 9

பிரேக். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பெர்னினா கணவாய் 2,328 மீட்டர். போஸ்கியாவோ ஊர் 1,014 மீட்டர். ஒரே இறக்கத்தில் 1,300 மீட்டருக்கு மேல். பக்கத்திலேயே போகும் பெர்னினா ரயில் பற்சக்கரம் இல்லாமலேயே ஆயிரத்துக்கு எழுபது என்ற சரிவில் இறங்குகிறது. ரயிலுக்கு அதுவே மிகச் செங்குத்து. நம் ஒற்றையடிப்பாதை அதைவிடச் செங்குத்தாகப் பல இடங்களில் தண்டவாளத்தை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. லாகோ பியாங்கோ ஏரிக்கரையில் சமமாகத் தொடங்கி, ஆல்ப் குரூம் ரயில் நிலையத்தில் எதிரே பாலு பனியாற்றைக் காட்டி, "ஆஹா" என்று நிற்கவைத்துவிட்டு, அதன்பிறகு வேரும் கல்லும் கொண்டைஊசி வளைவுமாகக் கவாலியா ஊர் வரை தள்ளுகிறது.

வாடகை சைக்கிளில் வந்த என் நண்பர் முழு இறக்கத்துக்கும் இரண்டு பிரேக்கையும் இலேசாகப் பிடித்தபடியே வந்தார். பயந்தவர்கள் எல்லோரும் செய்வது. இலேசாகத் தொடர்ந்து பிடித்தால் டிஸ்க்குக்கு (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு) ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. கவாலியாவில் அதன்மீது தண்ணீர் தெளித்தபோது காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சீறியது. அந்தத் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டைகள்தான் பேடுகள்; அவற்றில் ரெசின் வகை இப்படிச் சூடானால் மேற்பரப்பு கண்ணாடிபோல் மழமழவென்று ஆகிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கிறீச் என்ற சத்தம் மட்டும் வரும், வண்டி நிற்காது. மோசமான நிலையில் பிரேக்குக்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து, லிவரை அழுத்தினால் அது ஹேண்டில்பாரைத் தொடும் வரைக்கும் வந்துவிடும். தெளித்ததைப் பார்த்து கைடு கத்தினார்: கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், அப்படியே விட்டு ஆறவிட வேண்டும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை: வளைவுக்கு முன்னால் பலமாக, குறுகிய நேரம் பிடி, பிறகு முழுதாக விடு. ஒரே விரல் போதும். சீட்டை இறக்கிக்கொள், பெடலில் எழுந்து நில், பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, வளைவின் வெளிவாசலில் இருக்க வேண்டும். இதெல்லாம் யூடியூபிலும் இருக்கிறது. ஆனால் யூடியூப் உங்கள் பின்னால் வந்து "விடு, விடு, இப்போது விடு" என்று கத்தாது.

ஒற்றையடி, 2024 மார்ச் 10

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும்: வாடகை சைக்கிளை எடுக்கும்போதே பேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். நண்பருக்குக் கிடைத்ததில் பின்பேடு கிளம்பும்போதே பாதி தேய்ந்திருந்தது. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். மாற்றுப் பேடு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். அந்த மாடலுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். பிரேக்குக்குப் பிரேக் அளவு வேறு.

ஒற்றையடி, 2024 மார்ச் 10, மாலை

தனிச்செய்தியில் ஒருவர், பாதையின் கடினத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். அங்கே கைடுகள் பேசுவது எஸ்0 முதல் எஸ்5 வரையான அளவுகோல். எஸ்0 வழவழப்பான மண்பாதை. எஸ்1இல் சிறு வேர், சிறு கல். எஸ்2இல் படிகளும் நெருக்கமான வளைவுகளும் வந்துவிடும். எஸ்3க்கு மேல் பின்சக்கரத்தைத் தூக்கித் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் காட்டுப்பாதையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு எஸ்1 சுகம், எஸ்2 வேர்வை. எஸ்3இல் நான் இறங்கித் தள்ளினேன். வெட்கமே இல்லை.

ஒற்றையடி, 2024 மார்ச் 22

சைக்கிளை விட்டுக் கொஞ்சம் தண்ணீருக்கு வருகிறேன். இந்தச் சுற்றில் எனக்கு அதிகமாகப் பிடித்தது இதுதான்.

பெர்னினா கணவாயில் இரண்டு ஏரிகள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. லாகோ பியாங்கோ பனியாறு அரைத்த கல்மாவினால் பால்நிறம். அதன் தண்ணீர் தெற்கே இறங்கி ஏட்ரியாடிக் கடலுக்குப் போகிறது. பக்கத்துக் கறுப்பு ஏரி லெய் நயர். அதன் தண்ணீர் எங்கடின் வழியே ஓடும் 'இன்' என்ற ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடல். நடுவில் இருக்கும் மேட்டைச் சைக்கிளில் கடந்தால் தாண்டியதே தெரியாது.

அங்கிருந்து வால் டா ஃபைன் வழியாக லா ஸ்ட்ரெட்டா கணவாய் (2,476 மீட்டர்) ஏறினால் இத்தாலி, கீழே லிவின்யோ. இத்தாலிக்குள் வந்துவிட்டோம், இனி எல்லாம் தெற்கே ஓடும் என்று நினைத்தேன். கிடையாது. லிவின்யோவின் ஸ்பொல் ஆறு வடக்கே ஓடி, அணைக்குப் பின்னால் ஏரியாகத் தேங்கி, சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து இன் ஆற்றில் விழுகிறது. ஆக இத்தாலிய ஊரின் மழை கருங்கடலுக்கு. அடுத்த நாள் போகும் வால் மோரா சுவிஸ் மண்; அதன் ஓடையோ இத்தாலியின் சான் ஜாகமோ ஏரியில் விழுந்து, அட்டா ஆறாகி, கோமோ ஏரியைக் கடந்து 'போ' என்ற ஆற்றில் கலக்கிறது. நாட்டெல்லையும் நீரெல்லையும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. காவிரியைப் பற்றிச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு, இதை யார் எப்படிப் பங்கு பிரித்தார்கள் என்பதே முதலில் எழுந்த கேள்வி. கைடு சிரித்துவிட்டு, மின்சார ஒப்பந்தம் என்றார். ஸ்பொல் அணையே எல்லைக்கோட்டின் மீதுதான் நிற்கிறது.

பெடல்பாண்டி, 2024 ஏப்ரல் 14

தண்ணீர் போதும். சைவச் சாப்பாடு கிடைக்குமா? எங்களில் ஒருவர் முட்டையும் தொடமாட்டார்.

ஒற்றையடி, 2024 ஏப்ரல் 14

கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. பார்லி சூப் என்றால் உள்ளே உலர்ந்த இறைச்சித் துண்டு மிதக்கும். காபுன்ஸ் என்பது கீரை இலையில் சுற்றிய மாவுருண்டை. பார்க்க அப்பாவி, உள்ளே பெரும்பாலும் இறைச்சி, மாவில் முட்டை வேறு. போஸ்கியாவோ பக்கம் போனால் பிட்சோக்கெரி கேளுங்கள். மரக்கோதுமை (பக்வீட்) மாவில் செய்த தட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கோஸ், பூண்டு, கொட்டிக்கொட்டிச் சீஸ். மாவில் முட்டை சேர்க்கும் வீடுகளும் உண்டு என்பதால் உங்கள் நண்பர் கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பிட்டுவிட்டு உடனே ஏற்றம் ஏற முடியாது. நாங்கள் முயன்றோம்.

பொன்ட்ரெசினாவில் தங்கிய விடுதியில் சமையலறைக் கதவு திறந்தபோது உள்ளே தமிழ் கேட்டது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், இந்தப் பள்ளத்தாக்கில் பல வருடமாகச் சமையல் வேலை. "தம்பி, உறைப்பு வேணுமோ?" என்றார். இரவு உருளைக்கிழங்கு ரோஸ்டியோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய்ச் சம்பல் வந்தது. ஜெர்மன் தம்பதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எந்தப் பயண நிறுவனத்தின் திட்டத்திலும் இது கிடையாது, எதிர்பார்த்தும் போகாதீர்கள்.

ஒற்றையடி, 2024 மே 19

இ-பைக் பற்றி வேறோர் இழையில் நான் காரமாக எழுதியதை இங்கே ஒருவர் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். அந்தக் காரம் இப்போது அவ்வளவு இல்லை. பல் மருத்துவர் இ-பைக்கில் வந்தார், அறுபதைத் தாண்டியவர். அவர் மட்டும் சாதா சைக்கிளில் வந்திருந்தால் அல்பிசெல்லா கணவாய் ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் காத்திருந்திருப்போம். மோட்டார் இருந்ததால் குழு ஒன்றாகப் போனது. தொல்லை வேறிடத்தில் வந்தது: வால் மோராவில் சரளைக்கல் சரிவின் குறுக்கே போகும் குறுகலான பாதையில், சில இடங்களில் இறங்கித் தூக்க வேண்டியிருந்தது. இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை அறுபது வயதுக்காரர் தூக்க முடியாது. கைடும் நானும் தூக்கினோம்.

ஆக, இ-பைக் தப்பில்லை. தூக்க முடியாதவர் இ-பைக்கில் வருவதாக இருந்தால், தூக்கிவிட யார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒற்றையடி, 2024 மே 20

வால் மோராவைப் பற்றி அப்படிச் சுருக்கமாக எழுதியிருக்கக்கூடாது. லிவின்யோ ஏரி முனையிலிருந்து அல்பிசெல்லா கணவாய், இறங்கினால் சான் ஜாகமோ ஏரி, பக்கத்தில் கன்கானோ ஏரி. இரண்டும் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கியவை. ஆனால் நிறத்தைப் பார்த்தால் மன்னித்துவிடலாம். எல்லையில் ஒரு கல்லும் பலகையும் மட்டும். காவலர் இல்லை. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும் என்றாலும் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். லிவின்யோ வரிவிலக்கு ஊர் என்பதால் மதுப்புட்டி வாங்கிப் பையில் திணித்து வந்த ஒருவர் (பெயர் வேண்டாம், என் அலுவலக நண்பர்) அதன் எடையை டொஸ் ரடோண்ட் மேடு (2,234 மீட்டர்) முழுக்க உணர்ந்தார். சுங்க வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கைபேசிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னல் எட்டவில்லை. சுவிஸ் பக்கம் ஹெலிகாப்டர் மீட்புக்கு ரெகா என்ற அமைப்பின் எண் 1414, இத்தாலிப் பக்கம் 112. சிக்னல் இருக்கும்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

அருகிலேயே சுவிஸ் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1914இல் அமைத்தது, ஆல்ப்ஸ் மலைகளிலேயே முதல் தேசியப் பூங்கா. அதன் பாதைகளில் சைக்கிள் கூடாது, தள்ளிக்கொண்டு போவதும் கூடாது, அபராதம் உண்டு. ஜிபிஎஸ் குறுக்குவழி காட்டினால் நம்பவேண்டாம். எங்கடின் இருக்கும் கிரௌபுண்டன் மாநிலத்தில் பொதுவாக நடைபாதைகளில் சைக்கிளுக்கும் இடம் தருகிறார்கள்; நடப்பவர் எதிரே வந்தால் நிறுத்தி, வணக்கம் சொல்லி, வழிவிடுவதுதான் அதற்கான வாடகை. எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே 1975 வனச் சட்டப்படி காட்டில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு, சைக்கிள் ஓட்ட நில உரிமையாளர் அனுமதி வேண்டும்.

ஒற்றையடி, 2024 ஜூன் 2

மாடும் நாயும். கன்றோடு மேயும் பசுக் கூட்டத்துக்கு நடுவே பாதை போனால் சுற்றிப் போங்கள்; கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. நம் ஊர் மாட்டை நினைத்துக்கொண்டு தட்டிக்கொடுக்கப் போகவேண்டாம். ஆட்டுமந்தை இருந்தால் வெள்ளை நிறத்தில் பெரிய காவல் நாய்கள் இருக்கும். ஓநாய்கள் திரும்பி வந்தபிறகு இவை பெருகிவிட்டன. நாய் குரைத்து ஓடிவந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். வேகமாக ஓட்டித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அது துரத்துவதற்கு அழைப்பு.

பெடல்பாண்டி, 2024 ஜூன் 20

கைடைப் பதிவு செய்துவிட்டோம். தோற்றதாக எழுத மாட்டேன். ஆனால் இருவருக்கு ஜூலையில் விடுப்பு இல்லை, செப்டம்பருக்குத் தள்ளலாமா என்கிறார்கள்.

ஒற்றையடி, 2024 ஜூன் 20

செப்டம்பர் நல்ல மாதம். மதிய இடி குறைவு, வானம் தெளிவு. பகல் சுருங்கும், கணவாய்களில் காலையில் உறைபனி இருக்கும், திடீரென்று பனியும் கொட்டலாம். ரோப் கார்களும் மேல்விடுதிகளும் எந்தத் தேதி வரை இயங்குகின்றன என்று பாருங்கள். சில அக்டோபர் வரை, சில அதற்கு முன்பே மூடிவிடும். கிரௌபுண்டனில் செப்டம்பர் மான் வேட்டைக் காலம். ஊரே துப்பாக்கியோடு மலையேறிவிடும். விடுதிப் பலகையில் பாதி மான்கறிதான் இருக்கும், உங்கள் சைவ நண்பர் சீஸில்தான் வாழவேண்டும். அடர்நிறச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் எதையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள், வால் மோரா தாண்டி இறங்கும் சான்டா மரியாவிலிருந்து ஓஃபன் கணவாய் வழியாக எங்கடினின் செர்னெஸ் வருவதற்கு அஞ்சல் பஸ்தான். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு, இடம் குறைவு, முன்பதிவு செய்யவேண்டும். குழுவாகப் போனால் ஒரே பஸ்ஸில் எல்லா சைக்கிளும் ஏறாமல் போகலாம். இரண்டாவது பஸ்ஸுக்கு யார் காத்திருப்பது என்பதையும் கைடிடமே விட்டுவிடுங்கள்.